மீன் இல்லாத தொட்டியில் 38 நாட்கள்

முதல் முறை மரைன் டேங்க், அதாவது கடல்நீர் மீன் தொட்டி, வைத்தபோது எங்கள் வீட்டில் இரண்டு கோமாளி மீன்கள் செத்துப்போயின. அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

"ஒரு வாரம் மோட்டார் ஓடட்டும் சார், தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும், அப்புறம் மீன் விட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர். எட்டாவது நாள் தண்ணீர் நிஜமாகவே கண்ணாடி மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிப்போய் மீன் வாங்கி வந்தோம். திங்கள் முழுக்க அவள் தொட்டியை விட்டு நகரவில்லை. நானும் அவளும் மாற்றி மாற்றித் தீனி போட்டோம். செவ்வாய் மாலை பார்த்தால் பெரிய மீன் மேல்மூலையில், தண்ணீர் வந்து விழும் இடத்துக்கு அடியில் நின்றுகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. செவுள் படபடவென்று அடித்துக்கொள்கிறது. காற்று போதவில்லை போல என்று இன்னொரு ஏர் பம்ப் போட்டேன். புதன் காலை அது போய்விட்டது. சின்னது வியாழன் மதியம் வரை இருந்தது. குழந்தை பள்ளியிலிருந்து வருவதற்குள் எடுத்துவிடட்டுமா என்று அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டார்.

அன்று இரவுதான் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் வாங்கினேன். 5 மி.லி. தண்ணீர், இரண்டு மருந்திலிருந்தும் எண்ணி எண்ணிச் சொட்டுகள், ஐந்து நிமிடம் காத்திருப்பு. மஞ்சளாக இருக்க வேண்டிய குழாய் பச்சையாக நின்றது. அம்மோனியா 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீரில்.

மீன் தன் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மீந்த தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான். தண்ணீரில் அது இரண்டு உருவில் இருக்கும். ஒன்று அம்மோனியம், மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. இன்னொன்று வெறும் அம்மோனியா. செவுளைத் தாண்டி நேரே ரத்தத்துக்குள் போய்விடும். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, முடிவு செய்கிறது. பிஎச் ஒரு படி ஏறினால் கெட்ட உருவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நன்னீர்த் தொட்டி பெரும்பாலும் 7ஐ ஒட்டி இருக்கும். கடல்நீர் 8.1, 8.2. பல வருஷம் கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் வளர்த்த தைரியத்தில் இதில் இறங்கியவன் நான். நன்னீரில் தப்பித்துக்கொள்ளும் அதே அளவு அம்மோனியா இங்கே எவ்வளவு கடுமையாக மாறும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கடலில் இந்த அம்மோனியாவை உடனுக்குடன் எடுத்துக்கொள்ள உயிர்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் கிடையாது. அவை பாறையிலும் மணலிலும் வந்து ஒட்டிக்கொண்டு, நாம் போடும் சுமையைத் தாங்கும் அளவுக்குப் பெருகும் காலத்தைத்தான் தொட்டிக்காரர்கள் 'சைக்கிள்' என்கிறார்கள். "டேங்க் சைக்கிள் ஆயிடுச்சா?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

நாலு மாதம் தொட்டி காலியாகக் கிடந்தது. மகள் அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். ஜனவரியில் மறுபடி ஆரம்பித்தேன்.

ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்னையில் அந்த மாதத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமலே தண்ணீர் 26 டிகிரியில் நிற்கும். ஏப்ரலில் அதே தொட்டி 31, 32க்குப் போய்விடும். அப்போது சில்லர் இல்லாமல் முடியாது.

தொட்டி 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. பாறையும் மணலும் போக 110 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வீட்டு ஆர்ஓ தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 50 காட்டியது. அது குடிக்கத்தான் நல்லது, தொட்டிக்குப் போதாது. பின்னால் மீதி உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்று மாட்டியதும் 0 ஆனது. லிட்டருக்கு 36 கிராம் கணக்கில் 4 கிலோ மரைன் உப்பு. ஒரு நாள் முழுக்கக் கலக்கவிட்டு, உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வந்த பிறகு ஊற்றினேன். "பீச் பக்கத்துலதானே இருக்கு, ரெண்டு கேன் எடுத்துட்டு வந்துடலாமே" என்று வீட்டுக்கு வந்த எல்லோரும் கேட்டார்கள். கூவமும் அடையாறும் கலக்கும் கரை அது. போதாததற்கு, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நம் கரையோரத் தண்ணீரில் உப்பே குறைந்துபோயிருக்கும். சுத்தமான கடல்நீரை எடுத்துவந்து பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கிருந்து, எப்போது எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாததால் நான் தொடவில்லை.

பாறை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களைத் திறந்தால் 'லைவ் ராக் வாங்கிப் போடுங்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். கடலில் கிடந்து உயிர்கள் படிந்த பவளப்பாறைத் துண்டு அது. போட்டால் சைக்கிள் சட்டென்று முடியும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001ல் இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளை வெட்டி எடுத்துத் தீர்த்ததில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 'ராமேஸ்வரம் பாறை, கிலோ இவ்வளவு' என்று ஒருவர் வாட்ஸாப்பில் படம் அனுப்பினார். அழகான பாறைதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கடல் வைத்துக்கொள்வதற்காக அந்தக் கடலை உடைப்பது எனக்கு ஒப்பவில்லை. செயற்கையாகச் செய்த காய்ந்த பாறை 12 கிலோ வாங்கினேன். துளை துளையாக, செத்த எலும்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. அதில் உயிர் வரவழைப்பதுதான் வேலை.

உயிர் வர வேண்டுமானால் அதற்குச் சாப்பாடு போட வேண்டும். அந்தக் காலத்தில் முரட்டு மீன் என்று டாம்செல் மீன் இரண்டை உள்ளே விட்டு, அவற்றின் கழிவில் சைக்கிளை நடத்துவார்கள். இன்றைக்கும் அப்படிச் சொல்லும் கடைகள் உண்டு. டாம்செல் பிழைத்துக்கொள்ளலாம். ஆனாலும் வாரக்கணக்கில் அதன் செவுள் வெந்துகொண்டிருக்கும். செவ்வாய் மாலை அந்த மூலையில் நின்ற மீனைப் பார்த்த பிறகு, அதை இன்னொரு மீனுக்குச் செய்ய என் கை வராது.

மீன் இல்லாமலே அம்மோனியா கொடுக்க ஒரு வழி அம்மோனியம் குளோரைடு. லேப் கெமிக்கல் கடையில் 500 கிராம் டப்பா வாங்கி வந்தேன். மேசை மேல் வைத்திருந்ததை அம்மா எடுத்துப் பார்த்து, "இது நவச்சாரம் மாதிரி இருக்கேடா" என்றார். மாதிரி என்ன, நவச்சாரமேதான். அம்மாவின் சின்ன வயதில், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருமுனையில் துருத்தி வைத்து உட்காருவாராம். சூடான பாத்திரத்தில் நவச்சாரப் பொடியைத் தூவியதும் குப்பென்று வெள்ளைப் புகை எழும். பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி மின்னும். அந்தப் புகையின் நெடி மூக்கில் ஏறி இருமுவதற்காகவே பிள்ளைகள் பக்கத்தில் போய் நிற்பார்களாம். (நாட்டு மருந்துக் கடை நவச்சாரத்தைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அதில் வேறு என்ன உலோகம் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது.)

110 லிட்டரில் 2 பிபிஎம் அம்மோனியா வர வேண்டுமானால் 0.7 கிராம் போதும். அரை டீஸ்பூன்கூட வராது. சின்னத் தராசில் நிறுத்து, ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். விளக்கை அணைத்தேன், வெளிச்சம் இருந்தால் பாசிதான் முதலில் வளரும். தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் மோட்டார் மட்டும் ஓடியது. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு நோட்டில் எழுதுவேன்.

முதல் நாள்: 2. மூன்றாம் நாள்: 2. ஐந்தாம் நாள்: 2. ஒன்பதாம் நாள்: 2.

சோதனைக் குழாயை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து, இன்றைக்குப் பச்சை கொஞ்சம் வெளிறியிருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் ஒரு முறையும் டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு முறையும் பார்ப்பேன். வெளிறவே இல்லை.

இந்த உயிர்கள் ஏன் இவ்வளவு மெதுவாக வளர்கின்றன என்று அந்த நாட்களில்தான் உட்கார்ந்து படித்தேன். சாதாரண பாக்டீரியா ஒன்றுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். இவை இரட்டிப்பதற்கு முக்கால் நாள், ஒரு நாள்கூட ஆகும். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி ஜூரிச்சில் இவற்றைப் பிரித்தெடுக்க முயன்றபோது, மற்ற பாக்டீரியாவை வளர்க்கும் ஜெலட்டின் தட்டில் இவை வளரவே இல்லை. கரிமச் சத்து எதுவும் இல்லாத சிலிக்கா ஜெல் மேல் வைத்த பிறகுதான் வளர்ந்தன. அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்ப்பதில் கிடைக்கும் கொஞ்சநஞ்ச ஆற்றலை வைத்து, கரியமில வாயுவிலிருந்து தன் உடம்பைத் தானே கட்டிக்கொள்ளும் உயிர் இது. இவ்வளவு குறைந்த வரும்படியில் குடும்பம் நடத்தினால் வேகமாகப் பெருக முடியாது.

படித்ததில் என்னை உட்கார வைத்துவிட்ட செய்தி இன்னொன்று. அம்மோனியாவைத் தின்பது பாக்டீரியா மட்டும்தான் என்று நூறு வருஷத்துக்கு மேல் நினைத்திருந்தார்கள். 2005ல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தில், ஒரு வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியின் அடிக் கூழாங்கல்லில் இருந்து வேறொரு உயிரைப் பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியா இல்லை, ஆர்க்கியா என்ற தனி இனம். 'நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ்' என்று பெயர். அதன் உறவுக்காரர்கள் உலகக் கடல் முழுக்க எண்ணிக்கையில் அடங்காமல் இருப்பதும், கடலில் அம்மோனியாவைக் கையாளும் வேலையில் பெரும்பங்கு அவர்களுடையது என்பதும் அப்புறம் தெளிவானது. பெருங்கடலின் அவ்வளவு பெரிய சங்கதியைக் கையில் பிடித்தது ஒரு மீன் தொட்டியின் அடியில். நான் பச்சைக் குழாயோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த ராத்திரியில் இதைப் படித்தேன். எழுந்து போய் டார்ச் அடித்து அந்த வெள்ளைப் பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்தாம் நாள் காலையில் அம்மாவிடம் புலம்பினேன். கிருமி வளரணும்மா, வளர மாட்டேங்குது. அம்மா பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தார். "உறை ஊத்தாம பாலை மட்டும் வெச்சுட்டு, தயிராகலையேன்னு எட்டி எட்டிப் பார்த்தா எப்படிடா ஆகும்?" என்றார்.

உறை ஊற்றாத பாலும் ஒரு நாள் திரியும்தான். என் தொட்டியும் காற்றிலும் கையிலும் வந்த நாலு உயிரை வைத்துக்கொண்டு இரண்டு மாதத்தில் எப்படியாவது தேறியிருக்கும். ஆனால் அம்மா சொன்னது நியாயம். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா உண்டு. நல்லதாக, புதிதாகக் கிடைத்தால் வேலை செய்யும். கூரியரில் வெயிலோடு வந்து சேரும் பாட்டிலை நம்ப எனக்கு மனமில்லை. அம்பத்தூரில் நண்பர் ஒருவர் நாலு வருஷமாக மரைன் டேங்க் வைத்திருக்கிறார். ஒரு வருஷமாகப் புது மீன் எதுவும் விடவில்லை, எதற்கும் நோய் வரவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதைக் கேட்காமல் வாங்கினால் வெள்ளைப்புள்ளி நோயும் கூடவே வந்துவிடலாம். அவர் தன் சம்ப்பில் (மீன் தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) இருந்து, அந்த உயிர்கள் குடியேறிய செராமிக் வளையங்களை இரண்டு கை நிறைய அள்ளி, அதே தண்ணீரோடு ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பழுப்பாக, வழவழப்பாக, மழைக்காலத்து மண் மாதிரி ஒரு வாசனை. ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்தேன். அவை மூச்சு விட்டாக வேண்டும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை முழுதாக மாற்ற அவற்றுக்கு நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். மூடிய டப்பாவில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பதினைந்தாம் நாள்: அம்மோனியா 1. நைட்ரைட் குழாய் முதல் தடவையாக நீலத்தில் இருந்து ஊதாவுக்குத் திரும்பியது. அந்த ஊதாவை மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாலு மாதத்தில் அவள் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தது அன்றைக்குத்தான். "இது நல்லதாப்பா, கெட்டதாப்பா?" என்றாள். இரண்டும்தான் என்றேன்.

பத்தொன்பதாம் நாள்: அம்மோனியா 0. நைட்ரைட் குழாய் கிட்டின் நிற அட்டையில் கடைசி நிறத்தில், 5ல். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் முதல் கூட்டம் பட்டினி கிடக்கக் கூடாதென்று 1 பிபிஎம் அம்மோனியா மறுபடி கொடுத்தேன். அது இரண்டே நாளில் காணாமல் போனது. நைட்ரைட் மட்டும் அசையவில்லை. இருபத்திரண்டு, இருபத்தைந்து, இருபத்தெட்டு, முப்பது. தினமும் அதே ஊதா.

நிறைய பேர் விட்டுவிட்டுப் போவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் எனக்கு மனசு சமாதானமானது. 2 பிபிஎம் அம்மோனியா முழுக்க நைட்ரைட் ஆனால் 5.4 வரும். நான் கொடுத்த மூன்றுக்கு எட்டுக்கும் மேல். கிட் 5க்கு மேல் காட்டாது. ஆக, எட்டில் இருந்து ஐந்துக்கு இறங்கும் வரை உள்ளே வேலை நடந்துகொண்டே இருந்தாலும் குழாயின் நிறம் மாறாது. கடல் மீனுக்கு நைட்ரைட் அவ்வளவு பெரிய எதிரியும் இல்லை. உப்பில் உள்ள குளோரைடு செவுளில் அதற்கு வழிவிடாமல் மறித்துக்கொள்ளும். நன்னீர் மீனுக்குத்தான் ரத்தமே பழுப்பாகிப்போகும். அதனால் மரைனில் நைட்ரைட்டைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். என் தரப்பு வேறு: இரண்டாவது கூட்டமும் வந்து சேர்ந்துவிட்டது என்று எனக்குச் சொல்லும் ஒரே சாட்சி அந்தக் குழாய். சாட்சி வாய் திறக்கும் வரை காத்திருப்பதில் எனக்கு நஷ்டமில்லை.

நடுவில் ஒரு நாள் மூன்று மணி நேரம் கரன்ட் போய்விட்டது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று முன்பே வாங்கி வைத்திருந்தேன். இது ஆடம்பரம் இல்லை. மீன் இருக்கிற தொட்டிக்குக் கட்டாயம் வேண்டும். அதே வாரம் மணல் மேல் காப்பிப்பொடி தூவியது போல டயாட்டம் என்ற பழுப்புப் பாசி படிந்தது. அம்மா அழுக்கு என்று துடைக்கச் சொன்னார். புதுத் தொட்டிக்கெல்லாம் வருவதுதான். மூன்று வாரத்தில் தானே போனது.

முப்பத்தைந்தாம் நாள் ஊதா வெளிறியது. அடுத்த நாள் சுத்தமான நீலம்.

கடைசிப் பரீட்சை ஒன்று உண்டு. மறுபடி 2 பிபிஎம் கொடுத்து, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே 0 ஆக வேண்டும். முப்பத்தேழாம் நாள் ராத்திரி ஒன்பதுக்கு 0.7 கிராம் கரைத்து ஊற்றினேன். முப்பத்தெட்டாம் நாள் ஒன்பதுக்கு மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். சொட்டுகளை அவளே எண்ணினாள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு குழாய் மஞ்சள், ஒரு குழாய் நீலம். நைட்ரேட் 20ஐ ஒட்டி நின்றது; மொத்தம் ஐந்து பிபிஎம் அம்மோனியா கொடுத்ததற்குக் கணக்குப்படி 18 வர வேண்டும். நோட்டில் எழுதியது ஒத்துப்போனதைப் பார்த்தபோது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! உள்ளே போன நவச்சாரம் முழுக்க எங்கே போனது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்தேன். மீன் தொட்டியில் பிறந்ததாகத்தான் வேண்டும் என்று சொல்லி வைத்து வாங்கினேன். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலும் கேரளத்தின் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையங்களில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கி வெகுநாளாகிறது; கடலில் பிடித்தது தேவையே இல்லை. இரண்டு குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒரு அங்குலம். முதல் பத்து நாள் ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகைதான் தீனி. தினமும் ஒன்பது மணிக்கு டெஸ்ட். பத்து நாளும் மஞ்சள்.

அவை வந்து ஒரு வருஷமாகிறது. கோமாளி மீன் எல்லாமே ஆணாகப் பிறந்து, ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். எங்கள் வீட்டில் எது பெரியது என்று மகளுக்குச் சந்தேகமே இல்லை. ராத்திரியில் இரண்டும் பவர்ஹெட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு தூங்கும்.

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் தொட்டி வாங்கிவிட்டதாகச் சொன்னார். கடையில் ஒரு வாரம் போதும் என்றார்களாம். சாயங்காலம் அவரை வீட்டுக்கு வரச் சொல்லி, சம்ப்பில் கையை விட்டு வளையங்களை அள்ளி, எங்கள் தொட்டித் தண்ணீரோடு தூக்குவாளியில் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "உறைக்கா?" என்றார். ஆமாம் என்றேன். மூடியை இறுக்கி மூடாதீர்கள், வழியில் எங்கும் நிற்காதீர்கள், இன்றைக்கு ராத்திரியே போட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நவச்சாரம் 0.7 கிராம் வீதம் நாலு பொட்டலம் கட்டி, அவர் சட்டைப்பையில் தனியாக வைத்தேன்.